கரகரப்பு இருந்தா இருந்துட்டுப் போகுது

பள்ளிபாளையத்தில் ஒரு கல்யாணத்திலோ காதுகுத்திலோ பாட்டு கணீரென்று கேட்டால் அது பூபதியின் ரேடியோ செட்டு. கரகரவென்று இழுத்தால் அது வேறு யாருடையதோ. ஊர் இதைச் சொல்கிறதோ இல்லையோ, பூபதி சொல்லிவிடுவார். கேட்காதவர்களிடமும் சொல்வார். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறார்.

மனுஷன் சும்மா பீற்றிக்கொள்ளவில்லை. ஆம்ப்ளிபயர், பெட்டி ஸ்பீக்கர், மரத்தில் கட்டும் குழாய், மைக், ஒயர்ச் சுருள் எல்லாவற்றையும் பெற்ற பிள்ளை மாதிரித் துடைத்து வைத்திருப்பார். தொழிலில் அவருக்கு இரண்டே சட்டம். எந்த ஸ்பீக்கரிலும் ஒரே சத்தம்தான் வர வேண்டும் என்பது ஒன்று. இந்தப் பக்கம் உட்கார்ந்தவனுக்குத் தவில், அந்தப் பக்கம் உட்கார்ந்தவனுக்கு நாதஸ்வரம் என்று பிரித்துக் கொடுத்தால் பந்தியில் சண்டை வருமாம். கரகரப்பு கூடாது என்பது இன்னொன்று. கூடவே கூடாது. தெருக்கோடிக் குழாயில் பாட்டு கொஞ்சம் பிந்தி வந்து சேரும், அதை மட்டும் அவர் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. தூரத்தில் இருக்கிற குழாய் பிந்தத்தானே செய்யும்? கல்யாணத்துக்கு வந்தவர்கள் சாப்பிட வந்தார்களா, கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பாட்டை அளக்க வந்தார்களா?

அப்பேர்ப்பட்ட பூபதி, ஐம்பதை நெருங்குகிற வயசில், ஒரு பழைய கம்ப்யூட்டர் கேமின் சத்தத்தோடு நாள்கணக்கில் மல்லுக்கட்டினார். எல்லாம் மனைவி கலைமணிக்காக.

ஊருக்கு முதல் கம்ப்யூட்டர் சென்டர் வந்தபோது அங்கே சொல்லிக்கொடுத்தவர் கலைமணி. அதில் மாணவனாகச் சேர்ந்தவர் பூபதி. எதற்காகச் சேர்ந்தார் என்பது சென்டருக்கே தெரியும். அங்கே ஸ்பீக்கர் வைத்த கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் ஒரு கேம். குகைக்குள் ஓடுகிற ஆற்றில் வட்டமான ஒரு படகை மோதாமல் ஓட்டிப்போக வேண்டும். இங்கிலீஷில் அதற்கு என்னவோ பெயர், யார் வாயிலும் நுழையவில்லை. காவிரிக்கரைக்காரர்கள் வட்டமான படகைப் பார்த்தால் வேறென்ன சொல்வார்கள்? பரிசல் கேம் என்று வைத்துவிட்டார்கள்.

இடப்பக்கம் பாறை வரப்போகிறதென்றால் இடது ஸ்பீக்கரில் 'டொக்' என்று கேட்கும். வலப்பக்கம் என்றால் அதே 'டொக்' வலது ஸ்பீக்கரில். கேட்ட மறுகணம் எதிர்ப்பக்க பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தியதும் துடுப்பு 'சளக்' என்று தண்ணீரைத் தள்ளும். ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் ஆறு வேகமெடுக்கும். கலைமணி துப்பட்டாவால் கண்ணை இறுக்கக் கட்டிக்கொண்டு, காதை மட்டும் வைத்து இதை ஆடிக் காட்டுவார். முடியாது என்று பந்தயம் கட்டியவர்கள் அத்தனை பேரும் சேமியா ஐஸ் வாங்கிக் கொடுத்தார்கள். பூபதி வேண்டுமென்றே தினமும் பந்தயம் கட்டினார். கடைசியில் கல்யாணமும் கட்டிக்கொண்டார்.

கல்யாணத்துக்குப் பிறகு கலைமணி ஒரு நூல் கடை ஆபீசில் கம்ப்யூட்டரில் பில் போடும் வேலைக்குப் போனார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறியது தெரியாமலே ஏறி, தெரிந்தபோது நரம்பு பாதி போயிருந்தது. மீதியும் மெதுவாகப் போய், இரண்டு வருஷமாக முழு இருட்டு. ஈரோடு, கோயமுத்தூர் என்று அலைந்து பார்த்தாயிற்று. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து கலைமணி வீட்டு உள்ளறையை விட்டுச் சமையலறைக்குப் போவார், வருவார், அவ்வளவுதான். வாசலுக்குக்கூட வருவதில்லை. பேச்சுக் குறைந்துபோனது. சிரிப்பு என்ற ஒன்று அந்த வீட்டில் இருந்ததற்கான அடையாளமே இல்லை.

சேலத்தில் அஸ்தம்பட்டிப் பக்கம் பார்வையில்லாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று பூபதி கேள்விப்பட்டார். திரையில் இருப்பதை ஒரு குரல் படித்துச் சொல்லும், அதைக் காதால் கேட்டுப் பட்டனைத் தட்ட வேண்டும். அங்கேயே தங்கிப் படிக்கலாம், முடித்தவர்களுக்கு வேலையும் கிடைக்கிறது. இவளுக்கென்றே வைத்த மாதிரி இருக்கிறதே என்று பூபதி ஓடிப்போய் இடம் சொல்லி வைத்துவிட்டு வந்தார். திங்கட்கிழமை வகுப்பு ஆரம்பம் என்றார்கள்.

கலைமணி ஒரேயடியாக மாட்டேன் என்றார். பூபதியும் விடவில்லை. நச்சரிப்புத் தாங்காமல் ஒருநாள் கலைமணி சொன்னார்:

"ஏனுங்க, ஒண்ணு செய்யலாம். அன்னைக்கு நான் கண்ணைக் கட்டிட்டுப் பரிசல் கேம் ஆடுனேன்ல? இன்னைக்கு யாரும் கட்ட வேண்டியதில்ல. மூணாவது ஸ்டேஜைத் தாண்டுனேன்னு வெச்சுக்கங்க, சேலத்துக்கு வாரேன். தாண்டலீன்னா அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

தாண்டுவதாவது! கண்ணைக் கட்டிக்கொண்டு எட்டாவது ஸ்டேஜ் வரைக்கும் போனவள் ஆயிற்றே! பூபதி அப்பொழுதே ஜெயித்துவிட்ட மாதிரி வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தார்.

கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை வைத்திருக்கும் நந்தகுமாரும் அந்தக் காலத்தில் அதே சென்டரில் படித்தவன்தான். சேமியா ஐஸ் வாங்கிக் கொடுத்தவர்களில் அவனும் ஒருவன். பழைய டிஸ்க் ஒன்றில் பரிசல் கேம் அவனிடம் பத்திரமாக இருந்தது. ஆனால் இப்போதைய கம்ப்யூட்டரில் அது ஓடாது என்றான்.

"அதுக்கு எமுலேட்டர்னு ஒண்ணு போடோணும் அண்ணா. புதுக் கம்ப்யூட்டர் பழைய கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கும். கேமு அதை நம்பி ஓடும்."

"சத்தமும் வருமா?"

"சவுண்டு கார்டு மாதிரியும் அதுவே நடிக்கும். செட்டிங்ஸ் மட்டும் கரெக்டா வெக்கோணும்."

"சத்தத்தைப் பத்தி எனக்கு நீ சொல்லித் தர்றியா?" என்றார் பூபதி. நந்தகுமார் வாயை மூடிக்கொண்டான். மூடியிருக்கக் கூடாது, பாவம்.

கடையில் கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டரையே நந்தகுமார் தயார் செய்து கொடுத்தான். வீட்டில் வைத்து ஓட்டினால் படகு ஓடியது, சத்தமே இல்லை. எந்த சவுண்டு கார்டு என்று கேம் கேட்டபோது பூபதி வரிசையில் முதலில் இருந்ததை அழுத்தியிருக்கிறார். விருந்தில் முதல் இலை பிடிக்கிற அவசரம்! எமுலேட்டர் எந்த கார்டாக நடிக்கிறதோ அதைத்தான் இங்கேயும் சொல்ல வேண்டும் என்று நந்தகுமார் போனில் விளக்கினான். மாற்றியதும் 'டொக்' வந்துவிட்டது. ஆனால் இரண்டு ஸ்பீக்கரிலும் சேர்ந்து வந்தது.

"எந்தப் பக்கம்னு தெரியலீங்களே," என்றார் கலைமணி.

தெரியாது. பூபதி தன் முதல் சட்டப்படி இரண்டு ஒயரையும் ஒன்றாக முறுக்கி வைத்திருந்தார். "இத்தன வருசத்துல ஒரு கல்யாணத்துலயும் நான் இப்பிடிப் பிரிச்சுக் கட்டுனதில்ல," என்று முணுமுணுத்துக்கொண்டே பிரித்துக் கட்டினார். இடது இடதுக்கும் வலது வலதுக்கும் போய்ச் சேர்ந்தது. கலைமணியின் முகத்தில் லேசாக ஒரு தெளிச்சி வந்ததைப் பூபதி பார்த்தார்.

அதோடு விட்டிருக்கலாம். சத்தத்தில் லேசான கரகரப்பு இருந்தது. பூபதியின் வீட்டில், பூபதியின் ஸ்பீக்கரில் கரகரப்பு! மனுஷனுக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. மறுபடியும் நந்தகுமாருக்குப் போன் போட்டார்.

"பஃபர்னு ஒரு நம்பர் இருக்கும் அண்ணா. சத்தத்தைக் கொஞ்சம் சேத்து வெச்சு விடறது. குழாய்ல தண்ணி காத்தோட சேந்து புஸ்ஸு புஸ்ஸுன்னு வருதுல்ல? மேல தொட்டி கட்டிச் சேத்து வெச்சுட்டா ஒரே சீரா வரும்ல? அதே மாதிரித்தான். நம்பரைக் கூட்டுனா கரகரப்பு போயிரும். ஆனா அண்ணா, ரொம்பக் கூட்டிறாதீங்க, ஏன்னா..."

பூபதி போனை வைத்துவிட்டார். கூட்டினார். கரகரப்பு குறைந்தது. இன்னும் கூட்டினார். சத்தம் பாலில் கழுவி எடுத்த மாதிரி வந்தது. "இப்ப கேளு கலை! எப்பிடி இருக்குது?" என்று கேட்டபோது, பெரிய கோயில் தேரையே ஒத்தை ஆளாக நிலைக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்ட பெருமை அவருக்கு.

கலைமணி ஆடினார். முதல் ஸ்டேஜிலேயே மோதினார். மறுபடி ஆடினார், மறுபடி மோதினார். விரல் பழகவில்லை என்று நினைத்து மறுநாளும் ஆடினார். பக்கம் சரியாகத்தான் இருந்தது, பட்டனும் சரியாகத்தான் அழுத்தினார், இருந்தும் பாறை முந்திக்கொண்டது. எப்படியோ தட்டுத்தடுமாறி இரண்டாவது ஸ்டேஜுக்குப் போன அன்றைக்கு, போன வேகத்தில் மோதி நொறுங்கினார்.

அவ்வளவு தெளிவான சத்தத்தை வைத்துக்கொண்டு இவள் ஏன் தோற்கிறாள் என்று பூபதிக்குப் புரியவில்லை. இன்னும் தெளிவாகக் கொடுக்கலாம் என்று நினைத்து, அவர் தூங்கி எழும்போதெல்லாம் அந்த நம்பரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டிருந்தார். மனைவிக்கு நல்லது செய்கிறாராம்!

சனிக்கிழமை கலைமணி கீபோர்டை நகர்த்தி வைத்துவிட்டார்.

"போதுமுங்க. கண்ணு மட்டும் போகல எனக்கு. காதுல விழுந்து கைக்குப் போறதுக்குள்ள பொழுது போயிருது. மூளையே மட்டாப் போச்சு. இந்த லட்சணத்துல சேலத்துக்குப் போயி, அத்தன பேரு நடுவுல நான் ஒருத்தி தடவிட்டு உக்காந்திருக்கோணுமா? அவங்களுக்குப் போன் போட்டு, வரலைன்னு சொல்லிருங்க."

பூபதி போன் போடவில்லை. வெளியே வந்து ஒயர்ச் சுருளின் மேல் உட்கார்ந்தார். கலைமணிக்குக் கண் போன அன்று அவர் அழவில்லை, இன்று அழுகை வந்தது. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு உள்ளே போய், "நாளைக்கு ஒரே ஒரு தடவை ஆடிப் பாரு. அந்த நோஞ்சான் ஸ்பீக்கரைத் தூக்கிப் போட்டுட்டு நம்ம பெரிய பெட்டியிலயே குடுக்கறேன். அதுலயும் ஆவலீன்னா விட்டர்றேன்," என்றார். கலைமணிக்கு மறுத்துப் பேசக்கூடத் தெம்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் நோம்பித் திருவிழா ஆரம்பம். கோயில் இருப்பது பக்கத்துத் தெருவில்தான். வருஷாவருஷம் பூபதி ஆம்ப்ளிபயரை வீட்டு முன்னறையிலேயே வைத்து, கோயில் வேப்பமரத்துக் குழாய்களுக்கு லைன் இழுத்துவிடுவார். சாயங்காலம்தான் பாட்டுப் போட வேண்டும், மத்தியானம் சும்மாதானே கிடக்கிறது என்று அதே ஆம்ப்ளிபயரில் கம்ப்யூட்டரைச் சொருகினார். பெரிய பெட்டிகளை இடது, வலது பிரித்துக் கட்டிக் கலைமணிக்கு இருபுறமும் வைத்தார். வேப்பமரத்து லைனைப் பிடுங்க வேண்டும் என்பது மட்டும் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

கலைமணி பட்டனைத் தொட்டார். 'சளக்' என்று பெட்டியில் கேட்டது. உடனே கோயில் பக்கமிருந்து, ஊரே நடுங்கும்படி, இன்னொரு 'சளக்'.

'டொக்' என்றது வீடு. 'டொக்' என்றது வேப்பமரம்.

எதிர் வீட்டு அத்தாயி அம்மாள் வாசலுக்கு ஓடி வந்தார். "ஏஞ்சாமி பூபதி! கோயல்ல ஆரு கதவைத் தட்டறது? பூசாரி செம்பைப் போட்டுட்டு ஓடியாறாரு!"

"அட கெரகமே!" பூபதி தலையில் அடித்துக்கொண்டு லைனைப் பிடுங்கப் பாய்ந்தார்.

"புடுங்காதீங்க!"

கலைமணி போட்ட சத்தத்தில் பூபதி அப்படியே நின்றார். இரண்டு வருஷமாகக் கேட்காத குரல் அது. சென்டரில் பின் வரிசைக்காரர்களை அதட்டுகிற டீச்சர் குரல்.

கலைமணி ஆடவில்லை. ஒரே பட்டனை விட்டு விட்டு அழுத்திக்கொண்டிருந்தார். சளக். சளக். தலையைச் சாய்த்துக் கேட்டார். வெளியே அத்தாயி அம்மாள் மாரியாத்தாளைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இங்க வாங்க. கையைக் குடுங்க."

பூபதி பக்கத்தில் வந்து கையை நீட்டினார். கலைமணி அவருடைய உள்ளங்கையில் தன் இடது கை விரலை வைத்தார்.

"இந்தக் கையில பட்டனை அழுத்தறப்பவே அந்தக் கையில உங்களையும் தட்டுவேன். எத்தன சத்தம்னு சொல்லுங்க."

"ரெண்டு. இந்தப் பெட்டி ஒண்ணு, கோயல் கொழாய் ஒண்ணு."

"அவசரப்படாதீங்க. கண்ணை மூடிக்கங்க."

பூபதி கண்ணை மூடினார். உள்ளங்கையில் விரல் தட்டியது. அப்புறம் பெட்டியில் 'சளக்'. அப்புறம் வேப்பமரத்தில் 'சளக்'. இன்னொரு தடவை. தட்டு. சளக். சளக்.

"மூணு," என்றார் பூபதி. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. தட்டுக்கும் பெட்டிக்கும் நடுவில், வீட்டுக்கும் கோயிலுக்கும் இருப்பது மாதிரியே ஓர் இடைவெளி. கையெட்டும் தூரத்தில் இருக்கிற பெட்டி, தெருக்கோடிக் குழாய் மாதிரிப் பிந்துகிறது.

"கொழாய் தூரத்துல இருக்குது, பிந்தி வருது, சரி. இந்தப் பெட்டி ஏனுங்க பிந்தி வருது? பாறை வந்து மோதுன பொறகுதான் எனக்கு டொக்குன்னு கேக்குது." கலைமணியின் குரல் உடைந்தது. "அப்ப நான் மட்டாப் போகலீங்க. நானில்லீங்க. நானில்லவே இல்லீங்க."

சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார். பூபதிக்கு அந்த நம்பர் கண் முன்னால் வந்து நின்றது. சத்தத்தைச் சேர்த்து வைத்து விடுகிற நம்பர். சேர்த்து வைத்தால் பிந்தத்தானே செய்யும்? நந்தகுமார் அதைத்தான் சொல்ல வந்திருக்கிறான், முழுசாகக் கேட்காமல் போனை வைத்த மகராசன் யார்? ஒவ்வொரு நாளும் தெளிவு, தெளிவு என்று கூட்டிக் கூட்டி, நன்றாக இருந்தவளை மட்டமாகிப் போனேன் என்று சொல்ல வைத்தது அவரேதான்.

"நான் பண்ணுனது கலை," என்றார். "கரகரப்பு போகோணும்னு சத்தத்தைப் புடிச்சுப் புடிச்சு வெச்சு விட்டிருக்கேன். என்னைத்தான் செருப்பால அடிக்கோணும்."

"அடிக்கறது அப்பறம். மொதல்ல நம்பரைக் குறைங்க."

பூபதி முதலில் வேப்பமரத்து லைனைப் பிடுங்கிவிட்டு, அத்தாயி அம்மாளிடம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார். நம்பரைக் குறைத்தார். கலைமணி அழுத்திப் பார்த்து, "இன்னும்" என்றார். குறைத்தார். "இன்னும்." கரகரப்பு தலைகாட்டியது. "இன்னுங்க." இப்போது பெட்டியில் கடலை வறுபடுகிற மாதிரி ஒரே கரகரப்பு. அந்தப் பழைய கம்ப்யூட்டரால் அவ்வளவுதான் முடியும். பூபதி பல்லைக் கடித்துக்கொண்டார்.

"கலை, கொஞ்சூண்டு மட்டும் கூட்டிக்கட்டுமா? காதுல வாங்க முடியல. தெருவுல போறவங்க கேட்டா என்ன நெனப்பாங்க? பூபதி செட்டான்னு..."

"கரகரப்பு இருந்தா இருந்துட்டுப் போகுது. எனக்கு நேரத்துக்கு வந்தாப் போதும். கையை எடுங்க."

பூபதி கையை எடுத்தார். கலைமணி நிமிர்ந்து உட்கார்ந்து சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டார். டொக், சளக். டொக், சளக். கரகரப்புக்கு நடுவே ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. முதல் ஸ்டேஜ் போனது தெரியவில்லை. இரண்டாவதில் ஒரு தடவை உரசிக்கொண்டு தப்பித்தார். மூன்றாவதில் ஆறு வேகமெடுத்தபோது பூபதி திரையைப் பார்க்க முடியாமல் எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். வாய் மட்டும் "மாரியாத்தா, மாரியாத்தா" என்றது. கரகரவென்று ஒரு வெற்றி மணி அடித்தது. அவர் ஆயுசில் அதைவிட மோசமான சத்தத்தைத் தன் பெட்டியில் விட்டதில்லை, அதைவிட நல்ல சத்தத்தைக் கேட்டதும் இல்லை.

"தாண்டிட்டே கலை! மூணைத் தாண்டிட்டே!"

"சும்மா இருங்க, நாலு ஓடுது!"

நாலாவதில் கொஞ்ச தூரம் போய், 'டமார்' என்று மோதினார். பூபதி பதறித் திரும்பினார். கலைமணி சிரித்துக்கொண்டிருந்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, சென்டரில் சிரித்த அதே சிரிப்பு.

"இது நானுங்க! டொக்குன்னு வலது பக்கம் கேக்குது, நான் பாட்டுக்கு வலது பக்கமே அழுத்தறேன். முழுக்க முழுக்க என் தப்பு!" தப்புச் செய்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளைப் பள்ளிபாளையம் பார்த்திருக்காது. பூபதியும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கலைமணி கையை நீட்டினார். "சேலத்துக்காரங்களுக்குப் போன் போட்டுக் குடுங்க. நானே பேசறேன்."

பூபதி போட்டுக் கொடுத்தார். மறுமுனையில் ஓர் அம்மாள் எடுத்தார். நாளைக்குக் காலையில் வந்துவிடுகிறேன் என்று கலைமணி சொன்னார். எத்தனை மணிக்கு, துணிமணி என்ன கொண்டுவர வேண்டும் என்றெல்லாம் விசாரித்தார். வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்று அந்த அம்மாள் கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணுங்க. உங்க கம்ப்யூட்டர்ல பேசற கொரலு பட்டனை அழுத்துன ஒடனே வருமுங்களா?" என்றார் கலைமணி. "கரகரன்னு இருந்தாப் பரவால்லீங்க. பிந்தி வந்துச்சுன்னா மட்டும் சொல்லிப்போடுங்க. எங்க ஊட்டுக்காரர் சரி பண்ணிக் குடுத்துருவாரு. அவருக்கு இப்பத் தெரியும்."